குடியமர்த்த 32 நாள், வெளியேற்ற 20 நாள்: ஹூஸ்டன் நகரத்து நிகழ்வு ஆய்வு

வீடற்றவர்களுக்கு வீடு பிடித்துத் தரும் ஏற்பாடு எவ்வளவு நன்றாக நடந்தாலும், அதே ஊரின் நீதிமன்றங்கள் மறுபக்கம் புதிய குடும்பங்களை வெளியேற்றிக்கொண்டே இருந்தால் கணக்கு ஓரிடத்தில் வந்து நின்றுவிடும். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலுள்ள ஹூஸ்டனில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். 2011 ஜனவரியில் எடுத்த ஒற்றை இரவுக் கணக்கெடுப்பில் அந்த வட்டாரத்தில் 8,400 பேருக்கு மேல் தெருவிலும் தங்குமிடங்களிலும் இருந்தார்கள். 2023-ல் அது 3,300-க்குக் கீழே வந்தது. அமெரிக்கப் பெருநகரங்களில் இவ்வளவு பெரிய இறக்கம் அரிது. ஆனால் 2024-லும் ஏறக்குறைய அதே எண்தான். ஹூஸ்டன் எதைச் சரியாகச் செய்தது, எதைத் தொடாமல் விட்டது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த இறக்கமும் நிற்றலும் புரியும்.

76 படிகள்

2012 வாக்கில் ஹூஸ்டனில் வீடற்ற முன்னாள் படைவீரர் ஒருவர் தெருவிலிருந்து நிலையான வீட்டுக்குப் போக 76 அலுவலகப் படிகளைக் கடக்க வேண்டியிருந்தது. அதற்கு 720 நாள் பிடித்தது. பணம் இல்லை என்பது மட்டும் இதற்குக் காரணமில்லை. மத்திய அரசின் வீட்டுவசதித் துறையிலிருந்து நிதி வந்துகொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு தொண்டு நிறுவனமும் தனக்கென ஒரு காத்திருப்போர் பட்டியல், தனக்கென ஒரு விண்ணப்பம், தனக்கென ஒரு நிபந்தனை வைத்திருந்தது. ஓரிடத்தில் குடியை விட்டால்தான் படுக்கை. இன்னோரிடத்தில் பெண்களுக்கு மட்டும். மற்றோரிடத்தில் அடையாள அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஒரே ஆள் ஐந்து வாசலில் ஐந்து முறை தன் கதையைச் சொல்லிவிட்டு, ஐந்திலும் காத்திருந்தார்.

அப்போதைய மேயர் அனீஸ் பார்க்கர் காலத்தில் மத்திய வீட்டுவசதித் துறை ஹூஸ்டனை முன்னுரிமை ஊர்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. நகரம், அது இருக்கும் ஹாரிஸ் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), வீட்டுவசதி ஆணையங்கள், முன்னாள் படைவீரர் மருத்துவமனை, தொண்டு நிறுவனங்கள் என்று நூற்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் 'தி வே ஹோம்' என்ற ஒரே ஏற்பாட்டுக்குள் வந்தன. 'வீடற்றோருக்கான கூட்டமைப்பு' என்ற அமைப்பு அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றது. பெயர் மாற்றத்தோடு நின்றிருந்தால் எதுவும் நடந்திருக்காது. மத்திய நிதிக்கான விண்ணப்பமும் பங்கீடும் இந்தக் கூட்டு ஏற்பாட்டின் வழியாகவே போனதால், தனி வரிசை வைத்திருந்தவர்கள் பொது வரிசைக்கு வர வேண்டியதாயிற்று. கூடிப் பேசியதைவிட, நிதி எந்த வழியாக வருகிறது என்பதுதான் அவர்களைச் சேர்த்தது என்பது நம் கணிப்பு.

2015 ஜூனில், முன்னாள் படைவீரர்களிடையே வீடற்ற நிலையை நடைமுறையில் முடிவுக்குக் கொண்டுவந்துவிட்டதாக நகரம் அறிவித்தது. 2022-க்குள் 25,000 பேருக்கு மேல் குடியமர்த்தப்பட்டிருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் இரண்டு ஆண்டு கழித்தும் வீட்டிலேயே இருந்தார்கள். 720 நாளாக இருந்த காத்திருப்பு 32 நாளாகிவிட்டிருந்தது.

வரிசை எப்படி நகர்கிறது

களப்பணியாளர் வீடற்றவர்கள் தங்கும் பாலத்தடிக்கே போய்க் கேள்விகளைக் கேட்டு, பொதுத் தகவல் தளத்தில் பதிகிறார். எவ்வளவு காலமாக வீடில்லை, உடல்நலம், மனநலம், ஊனம், வருமானம், குழந்தைகள் உண்டா என்பவை முக்கியம். இந்தப் பதிலை வைத்து ஆள் இரண்டு தடங்களில் ஒன்றுக்குப் போகிறார்.

முதல் தடம் துணைச் சேவைகளோடு கூடிய நிரந்தர வீடு. ஊனமோ நீண்டநாள் நோயோ இருப்பதோடு, தொடர்ந்து 12 மாதம் வீடில்லாமல் இருந்தவர், அல்லது மூன்று ஆண்டுக்குள் நான்கு முறை வீடிழந்து அவை சேர்ந்து 12 மாதம் ஆனவர் இதற்குத் தகுதி பெறுவார். வருமானம் இருந்தால் அதில் ஏறக்குறைய 30 சதவீதம் அவர் வாடகைப் பங்கு; மீதியைத் திட்டம் கட்டும். கால வரம்பு கிடையாது. குடியை நிறுத்து, மருந்து சாப்பிடு, பிறகு வீடு என்ற பழைய வரிசை இங்கே தலைகீழ்: முதலில் சாவி, பிறகு மற்றவை. 1992-ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் தொடங்கிய திட்டத்திலிருந்து வந்த முறை இது.

இரண்டாவது தடம் விரைவு மறுகுடியமர்வு. அட்வான்ஸும் சில மாத வாடகையும் கொடுத்து, அதற்குள் வருமானத்தை நிலைப்படுத்துவது. வீடற்றோருக்கான மத்திய அவசர நிதியின் விதிப்படி மூன்று ஆண்டில் 24 மாதம் வரை கொடுக்கலாம். நடைமுறையில் பெரும்பாலும் ஓராண்டுக்குள் முடிக்கப் பார்ப்பார்கள். மாதம் ஒருமுறையாவது கேஸ் மேனேஜர், அதாவது அந்தக் குடும்பத்துக்கென ஒதுக்கப்பட்ட பணியாளர், குடும்பத்தைச் சந்தித்தாக வேண்டும்.

இங்கே முதலில் முறிவது காகிதம். வாடகை ஒப்பந்தத்துக்கு அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். வெளி மாநிலத்தில் பிறந்தவருக்கு அந்தச் சான்றிதழ் தபாலில் வர வாரக்கணக்காகும். வீடு கிடைத்த பிறகு சான்றிதழுக்கு எழுதிப் போடுகிற திட்டம் அந்த வீட்டை இழக்கும். பெயரைப் பதிகிற அன்றே சான்றிதழுக்கும் எழுதிவிட வேண்டும். இரண்டாவது முறிவு, பெயர் மேலே வருகிற நாளில் ஆளைக் காணவில்லை என்பது. போலீஸ் கூடாரங்களைக் கலைத்த மறுநாள் களப்பணியாளரின் பட்டியலில் பாதி செல்லாததாகிவிடும்.

கூடாரங்கள் விஷயத்தில் ஹூஸ்டன் வேறு முறை வைத்துக்கொண்டது இதனால்தான். ஒரு பாலத்தடியை எடுத்தால், அங்கே இருக்கும் ஒவ்வொருவரையும் பெயரோடு எண்ணுகிறார்கள். அத்தனை பேருக்கும் வீடு தயாரான பிறகு ஆட்களை அழைத்துப் போய், கடைசியில் இடத்தை மூடுகிறார்கள். வீடு தயாராகும் வரை தங்குவதற்கென்று 2023-ல் ஃபிப்த் வார்டு பகுதியில் 100 படுக்கை கொண்ட மையம் ஒன்றைத் திறந்தார்கள். நாயை விட்டுப் பிரிய மாட்டேன், மனைவியை வேறு கட்டடத்தில் விட மாட்டேன் என்று தங்குமிடத்தை மறுத்தவர்கள் பலர் வீடு என்றதும் வந்தார்கள். 'உதவியை மறுக்கிறார்கள்' என்று பதிவேட்டில் எழுதுவதற்கு முன், என்ன உதவி கொடுக்கப்பட்டது என்பதையும் எழுதிவைப்பது நல்லது.

வீட்டுக்காரரைப் பிடித்து வைப்பது

எங்கே எதைக் கட்டலாம் என்று வரையறுக்கும் நிலப் பயன்பாட்டு மண்டலச் சட்டம் ஹூஸ்டனில் கிடையாது. அடுக்குமாடிகள் நிறைய, காலி வீடுகளும் உண்டு, வாடகை கலிபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களைவிடக் குறைவு. இந்த வசதி இல்லாத ஊர் ஹூஸ்டனை அப்படியே நகலெடுக்க முடியாது என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் காலி வீடு இருப்பது வேறு, அது உங்கள் ஆளுக்குக் கிடைப்பது வேறு. வருமானம் வாடகையைப் போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும், பழைய வெளியேற்ற வழக்கு இருக்கக் கூடாது, குற்றப் பதிவு இருக்கக் கூடாது என்று அடுக்குமாடி நிர்வாகங்கள் கேட்கும். தெருவிலிருந்து வருகிறவர் இந்த மூன்றிலும் தோற்பார்.

அதனால் வீட்டுக்காரர்களோடு பேசுகிற வேலையைக் கூட்டமைப்பு ஒரே குழுவிடம் கொடுத்தது. முன்பு இருபது கேஸ் மேனேஜர்கள் ஒரே அடுக்குமாடி அலுவலகத்துக்குத் தனித்தனியாகப் போன் செய்துகொண்டிருந்தார்கள். இப்போது அந்தக் குழுவே நிபந்தனைகளைத் தளர்த்தப் பேசி முடிக்கிறது. ஊக்கத்தொகை கொடுத்து, ஆள் வருவதற்கு முன்பே காலி வீட்டைப் பிடித்து வைக்கிறது. இரண்டு வாரம் வீட்டைச் சும்மா வைத்திருக்கச் சொல்லிவிட்டு அந்த இரண்டு வாரத்துக்குப் பணம் தராவிட்டால் எந்த வீட்டுக்காரரும் காத்திருக்க மாட்டார்.

அடுத்தது சோதனை. மத்திய நிதியில் எடுக்கும் வீட்டில் புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்ய வேண்டும், வெந்நீர் வர வேண்டும், ஜன்னல் பூட்ட வேண்டும், மின்கம்பி திறந்து கிடக்கக் கூடாது. 1978-க்கு முன் கட்டிய வீட்டில் ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தை குடிபோகிறதென்றால் உரிந்த பெயின்ட் இருந்தாலே தோல்வி. தோற்ற வீட்டுக்கு மறுசோதனை ஒரு வாரம் தள்ளிப்போனால், வீட்டுக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். இதற்கு மருந்து எளிது: சோதனைக்காரர் வருவதற்கு முந்தின நாள் ஒரு பணியாளர் பேட்டரியும் ஸ்விட்ச் மூடியும் பையில் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்துவிடுவது.

மின்சாரம் டெக்சஸுக்கே உரிய சிக்கல். அங்கே மின் விற்பனை தனியார் நிறுவனங்களிடம். பழைய பாக்கி இருந்தால் புது இணைப்புக்குப் பெரிய முன்பணம் கேட்பார்கள். அதே முகவரியில் முந்தைய ஆள் பாக்கி வைத்திருந்து தடை விழுந்திருந்தால், புதிதாகக் குடிவருபவர் தான் வேறு ஆள் என்று காகிதம் காட்டும் வரை விளக்கு எரியாது. சாவி கொடுக்கும் தேதியைக் குறிப்பதற்கு முன் முகவரியைக் கொடுத்து இதைக் கேட்டுவிட வேண்டும். ஹூஸ்டன் கோடையில் மின்சாரம் இல்லாத வீட்டில் ஒரு இரவு தாங்காது. ஆள் மறுபடி பாலத்தடிக்குப் போய்விடுவார்.

எல்லாவற்றுக்கும் பிறகு திட்டத்தைக் கெடுப்பது, முதல் மாத வாடகைக் காசோலை தாமதமாவது. ஒரு வீட்டுக்காரருக்கு இரண்டு முறை ஐந்தாம் தேதி தாண்டிப் பணம் போனால், அடுத்த பத்து வீடுகளும் கையை விட்டுப் போகும்.

பெருந்தொற்றுக் காலத்தில் இந்தக் கட்டமைப்புக்குப் பெரும் பணம் வந்தது. 2020 அக்டோபரில் 65 மில்லியன் டாலரில் 5,000 பேரைக் குடியமர்த்தும் திட்டம். 2022-ல் அப்போதைய மேயர் சில்வெஸ்டர் டர்னர் மேலும் 100 மில்லியன் டாலரில் 7,000 பேருக்கு இரண்டாம் கட்டம் அறிவித்தார். பிற ஊர்கள் அதே பணத்தை வைத்துக்கொண்டு எங்கே செலவிடுவது என்று கூட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது, ஹூஸ்டனிடம் பட்டியலும் வீடும் தயாராக இருந்தன. ஆனால் அது ஒருமுறைப் பணம். பெருந்தொற்றுக் கால மத்திய நிதி தீர்ந்ததும் இடைவெளியை நிரப்ப நகரத்தின் சொந்த வரவு செலவில் போதிய நிலையான ஒதுக்கீடு இருக்கவில்லை. எண் இறங்காமல் நிற்பதற்கு இது ஒரு காரணம். மற்ற காரணம் நீதிமன்றத்தில் இருக்கிறது.

வெளியே அனுப்பும் நாட்கணக்கு

டெக்சஸ் சொத்துச் சட்டப்படி, வாடகை பாக்கி வைத்தவருக்கு வீட்டுக்காரர் குறைந்தது 3 நாள் நோட்டீஸ் தர வேண்டும். ஒப்பந்தத்தில் அதைவிடக் குறைவாகவும் எழுதிக்கொள்ளலாம். பிறகு ஜஸ்டிஸ் கோர்ட் என்னும் அடிமட்ட நீதிமன்றத்தில் வழக்கு. ஹாரிஸ் கவுண்டியில் எட்டு நீதிமன்ற எல்லைகள், எல்லைக்கு இரண்டாகப் பதினாறு நீதிமன்றங்கள். மனு போட்ட 10 முதல் 21 நாளுக்குள் விசாரணை. தீர்ப்புக்குப் பின் மேல்முறையீட்டுக்கு 5 நாள். ஆறாம் நாள் வெளியேற்ற ஆணை வாங்கலாம். கான்ஸ்டபிள் என்று அங்கே அழைக்கப்படும், தேர்தலில் வென்று வரும் அதிகாரியின் ஆட்கள் கதவில் 24 மணி நேர எச்சரிக்கை ஒட்டிவிட்டு, பிறகு சாமானை வெளியே வைப்பார்கள்.

கூட்டிப் பாருங்கள்: நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து சுமார் 20 நாள், நீண்டால் 31 நாள். வெளியேற்றப்பட்ட ஒருவர் தெருவுக்கு வந்து, பட்டியலில் ஏறி, மறுபடி ஒரு வீட்டுக்குள் போக ஹூஸ்டனின் ஆகச் சிறந்த நிலையில் ஆன காலம் 32 நாள். 2025-ல் நிறைவேறி 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டம் வெளியேற்ற வழக்குகளின் ஓட்டத்தை மேலும் இறுக்கியிருக்கிறது.

இந்த நாட்கணக்குக்குள் உதவிப் பணம் வந்து சேர வேண்டும். வரவில்லை. 2020 மே மாதம் நகரம் 15 மில்லியன் டாலர் வாடகை உதவி அறிவித்து, முதலில் வந்தவருக்கு முதலில் என்று இணையத்தில் திறந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிட்டது. அந்த இரண்டு மணி நேரத்தில் உள்ளே நுழைய முடிந்தவர் யார்? கணினியும் நல்ல இணைப்பும் அன்று காலை ஓய்வும் இருந்தவர். வேலையில் நின்றுகொண்டிருந்தவருக்கும், நீதிமன்றத் தேதி நெருங்கிவிட்டவருக்கும் அந்த வரிசையில் இடமில்லை.

2021 பிப்ரவரியில் நகரமும் கவுண்டியும் ஒரே விண்ணப்பமாக நடத்திய திட்டம் இதைவிட மேல். பேக்கர் ரிப்லி, கத்தோலிக்கச் சாரிட்டீஸ் ஆகிய இரு அமைப்புகள் அதை நடத்தின. வட்டார நடுத்தர வருமானத்தில் (அந்த வட்டாரக் குடும்பங்களை வருமானப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 80 சதவீதத்துக்குள் இருப்பவருக்குப் பாக்கியைக் கொடுக்கலாம் என்றது மத்திய விதி. வீட்டுக்காரர் ஒத்துழைக்க மறுத்தால் குடியிருப்பவர் கையிலேயே கொடுக்கவும் இடமிருந்தது. இருந்தாலும் விண்ணப்பம் இரண்டு கைகளில் ஓடியது: குடியிருப்பவர் ஒரு பக்கம், வீட்டுக்காரர் மறுபக்கம். ஒப்பந்தத்தில் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தாலும், வாடகைக் கணக்குத் தாளில் தாமதக் கட்டணம் தனியாகக் காட்டப்படாவிட்டாலும் கோப்பு நின்றுவிடும். விசாரணை நிற்காது.

மாநில உச்ச நீதிமன்றம் 2020 செப்டம்பரில் கொண்டுவந்த திருப்புத் திட்டம், அதாவது வழக்கை வெளியேற்றத்துக்குப் போகாமல் திருப்பிவிடும் ஏற்பாடு, இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தது. இரு தரப்பும் சம்மதித்தால் வழக்கை 60 நாள் நிறுத்தி வைக்கலாம், பதிவு வெளியே தெரியாது, அதற்குள் உதவிப் பணம் வரும் என்பது அன்றைய ஏற்பாடு. நல்ல யோசனைதான், ஆனால் அது தொடங்கிய இடம் தாமதம். வழக்குப் போட்ட பிறகு, விசாரணைக்கு நேரில் வந்தவருக்கு மட்டுமே அது பயன்பட்டது. வாடகை பாக்கி வழக்குகளில் பலர் வருவதே இல்லை. வேலையை விட்டு வந்தால் அன்றைய கூலி போகும், வந்தும் பயனில்லை என்று நினைக்கிறார்கள். வராதவருக்கு எதிராக ஒருதலைத் தீர்ப்பு நிமிடங்களில் முடிந்துவிடும்.

பிலடெல்பியா வைத்த இடம்

இதே 2020 செப்டம்பரில் பென்சில்வேனியா மாநிலத்துப் பிலடெல்பியா நகரம் தொடங்கிய திட்டம், நிறுத்தத்தை வழக்குக்கு முன்னால் வைத்தது. வாடகை பாக்கிக்காக மனு போட விரும்பும் வீட்டுக்காரர் முதலில் நகரத்தின் திருப்புத் திட்டத்தில் பதிய வேண்டும். குடியிருப்பவருக்கு ஓர் ஆலோசகர் ஒதுக்கப்படுவார்; நடுவர் முன் இரு தரப்பும் தவணை பேசுவார்கள், அல்லது நேரடியாகப் பேசி முடிப்பார்கள். குறித்த காலம் முடிந்தும் தீரவில்லையென்றால்தான் நீதிமன்றம். அந்தக் காலம் முதலில் 45 நாள், பிறகு 30 நாளாகக் குறைக்கப்பட்டது. 2021 ஏப்ரலில் நகர நீதிமன்றமே, வாடகை உதவிக்கு விண்ணப்பித்து இந்தத் திட்டத்தில் கலந்துகொள்ளாமல் பாக்கி வழக்கை ஏற்பதில்லை என்று உத்தரவிட்டது. 2024-ல் திட்டம் நிரந்தரமாக்கப்பட்டது. பெருந்தொற்றுக்கு முன் அங்கே ஆண்டுக்குச் சுமார் 20,000 வழக்குகள் விழுந்தன. பிறகு அந்த அளவுக்குத் திரும்பவில்லை.

இதில் வீட்டுக்காரருக்கும் லாபம் உண்டு. நீதிமன்றக் கட்டணம், காலி வீடு, மறு பெயின்ட் எல்லாம் மிச்சம். ஆனால் உதவி நிதி இல்லாத மாதங்களில் பேச்சுவார்த்தை மட்டும் நடந்தால், வருமானத்துக்கு மீறிய தவணையில் கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டாம் மாதமே தவறுகிறார்கள். தவணை பேசும் ஆலோசகர் வாடகை போக மீதியைக் கேட்டு எழுதாமல் கையெழுத்து வாங்கக் கூடாது.

யாருக்குக் கொடுப்பது

கணக்குக்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மாத வாடகை 1,100 டாலர், இரண்டு மாதப் பாக்கி. நான்கு வீட்டுக்கு மேற்பட்ட கட்டடங்களில் டெக்சஸ் சட்டம் நியாயமானதாகக் கொள்ளும் தாமதக் கட்டணம் 10 சதவீதம் வரை. மொத்தம் 2,420 டாலர் கொடுத்தால் குடும்பம் அதே வீட்டில், அதே பள்ளியில் இருக்கும். அதே குடும்பம் வெளியேறி விரைவு மறுகுடியமர்வுக்கு வந்தால்: அட்வான்ஸ் 1,100, மூன்று மாதம் முழு வாடகை 3,300, ஆறு மாதம் பாதி 3,300, மூன்று மாதம் கால் பங்கு 825. ஆக 8,525. மூன்றரை மடங்கு, பணியாளர் சம்பளம் சேர்க்காமல்.

இந்த ஒப்பீடு முழு உண்மையில்லை. பாக்கி வைத்தவர் எல்லோரும் தெருவுக்கு வருவதில்லை. பலர் உறவினர் வீட்டில் ஒண்டிக்கொள்வார்கள். சிகாகோவில் உதவி மையத்துக்குப் போன் செய்தவர்களை, நிதி இருந்த நாளில் அழைத்தவர், இல்லாத நாளில் அழைத்தவர் என்று பிரித்துப் பார்த்த ஆய்வு 2016-ல் வெளியானது. நிதி கிடைத்தவர்கள் ஆறு மாதத்துக்குள் தங்குமிடத்துக்குப் போவது 76 சதவீதம் குறைந்தது. ஆனால் நிதி கிடைக்காதவர்களிலும் தங்குமிடத்துக்குப் போனவர் 2 சதவீத அளவே. மிகக் குறைந்த வருமானக்காரரிடம்தான் பயன் அதிகம் தெரிந்தது. எனவே முதலில் வந்தவருக்கு முதலில் என்பது பணத்தைச் சிதறடிக்கிற முறை. மத்திய அவசர நிதி, தடுப்பு உதவிக்கு வட்டார நடுத்தர வருமானத்தில் 30 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கேட்பதும், பாக்கியை ஆறு மாதம் வரை மட்டும் கட்டுவதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பார்ப்பதும் இதனால்தான். அதோடு, முன்பு தங்குமிடத்தில் இருந்தவரா, கைக்குழந்தை உண்டா, ஒப்பந்தத்தில் பெயரில்லாமல் ஒண்டியிருப்பவரா என்பவற்றைக் கேட்டு முன்னுரிமை வைப்பது பயன் தரும். ஒப்பந்தம் கொண்டுவா என்று முதல் காகிதமாகக் கேட்கும் திட்டம் இந்தக் கடைசி வகையினரை வாசலிலேயே திருப்பிவிடும்.

உதவி மேசையில் உட்காரும் பணியாளர் கேட்க வேண்டிய முதல் கேள்வி விசாரணைத் தேதி. நோட்டீஸ் மட்டும் வந்திருந்தால் வீட்டுக்காரருக்கு அன்றே போன். மனு போட்டாகிவிட்டால் எந்த எல்லை, எந்த நீதிமன்றம், எந்த நாள் என்று குறித்து, குடியிருப்பவர் கட்டாயம் நேரில் போக வேண்டும் என்று சொல்லி, சட்ட உதவிக்கு அனுப்ப வேண்டும். டெக்சஸில் இந்த வழக்குகளுக்கு அரசு வக்கீல் கிடையாது. தீர்ப்பு வந்திருந்தால் ஐந்து நாள்தான். ஏழை என்ற பிரமாணத்தோடு மேல்முறையீடு செய்பவர் தொடர்ந்து வீட்டில் இருக்க ஒரு மாத வாடகையைப் பிரமாணம் கொடுத்த ஐந்து நாளுக்குள் நீதிமன்றத்தில் கட்ட வேண்டும். உதவி அமைப்பு அன்றைக்கே காசோலை எழுத முடியாதென்றால் அந்தக் குடும்பத்துக்கு அதனால் பயனில்லை. ஆகவே ஒரு சிறு தொகையை மேலதிகாரி கையெழுத்துக்குக் காத்திராமல் கொடுக்கும் அதிகாரம் மேசையிலேயே இருக்க வேண்டும்.

பணம் கொடுக்கும்போது வீட்டுக்காரரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை இரண்டு: பாக்கி முழுவதும் தீர்ந்தது என்பதும், வழக்கை இன்ன தேதிக்குள் திரும்பப் பெறுகிறார் என்பதும். பாக்கியை வாங்கிக்கொண்டும் வழக்கு நடந்து தீர்ப்பாகி, கதவில் நோட்டீஸ் ஒட்டப்படுவது நடக்கிறது. வாய்ப்பேச்சு போதாது; திரும்பப் பெற்ற உத்தரவின் நகல் கோப்பில் இருக்க வேண்டும். தீர்ப்பாகிவிட்டால், பாக்கி முழுவதும் கட்டியவர் என்றாலும், அவர் பெயர் நீதிமன்றப் பதிவில் கிடக்கும். அடுத்த வீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அடுக்குமாடி நிர்வாகம் தேடுவது அந்தப் பதிவைத்தான். அந்தக் குடும்பம் எப்போதாவது 'தி வே ஹோம்' பட்டியலில் ஏற நேர்ந்தால், வீட்டுக்காரர் குழு முதலில் பேசித் தளர்த்த வேண்டிய நிபந்தனையும் அதுவே.